பட்டறைப் பதில்கள்: மாட்டுக் கொட்டகையில் நின்ற ஆர்.எக்ஸ். 100

போன இதழில், பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலையை முடித்துவிடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்றாகிவிட்டது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வீட்டிலேயே பிரித்துப் பூட்ட முடியுமா? தாராளமாக முடியும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இருப்பது போன்ற வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் இந்த எஞ்சினில் கிடையாது. ஆனால் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் கேஸ் இதில் வெறும் பெட்டி இல்லை, அது ஒரு பம்பு. பெட்ரோலும் காற்றும் முதலில் அதற்குள் போய், பிஸ்டன் இறங்கும்போது அமுங்கி, பக்க வழிகளில் மேலே ஏறுகின்றன. அந்தப் பெட்டியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. ஆகவே என் பதில்களில் சீல், சீல் என்று, கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் அந்த ரப்பர் வளையம் திரும்பத் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா 1992-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100. அவர் தவறிய பிறகு மாட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஊர் மெக்கானிக், ‘முதலில் பெயிண்ட் அடித்து அழகாக்கிவிடுவோம், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார். எனக்கு நானே செய்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது, ஐயா? (கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, பெயிண்ட் கடைசி. எஞ்சினைக் கழற்றி ஏற்றும்போது ஸ்பானர் நழுவி டேங்கில் கீறாத வீடு கிடையாது. அதோடு, பெயிண்டுக்குப் பணம் போய்விட்டால் எஞ்சினுக்குப் போடும் பணத்தில் கை சுருங்கிவிடும். பளபளவென்று மின்னிக்கொண்டு, நாலு தெரு தாண்டினால் நின்றுபோகிற வண்டிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

முதலில், அந்தக் கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, டீசலும் 2டி ஆயிலும் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில்) சரிபாதி கலந்து அந்த ஓட்டை வழியே ஊற்றிவிட்டுச் சில நாள் மறந்துவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கிக்கரைவிட இதில் உங்களுக்கு எஞ்சின் மேல் நல்ல பிடிமானம் கிடைக்கும். அசையவில்லையா, விட்டுவிடுங்கள். துருப்பிடித்த பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்ற துளையின் விளிம்பில் ஒட்டியிருக்கலாம். பலம் காட்டினால் ரிங் உடையும், பிஸ்டனும் கீறும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டினால் இறங்கும். இறங்கிய சந்தோஷத்தில் அப்படியே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். எப்படியும் முழுதாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிப்பதற்கு முன்பு ஒவ்வொரு கோணத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஒயர்கள் போகும் வழியை. கிளட்ச் கவர் ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடம் என்று அதிலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கிக் கேஸை உடைத்தவர்கள் ஏராளம். அந்த ஸ்க்ரூக்களின் தலையில் இருப்பது ஜப்பானிய அளவுக் குறுக்கு வெட்டு. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராது. தலை வழுக்கிக் குழியாகிவிடும். சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பேக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். கிராங்கின் முனையில் சுழன்று மின்சாரம் தரும் மேக்னட்டோவைக் கழற்ற, அதை இழுத்தெடுக்கும் புல்லர் கட்டாயம். உளியும் சுத்தியலும் வைத்துக் கழற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிராங்க் வெளியே வந்ததும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆட்டம் இருந்தால் ராடு கிட் மாற்ற வேண்டும். இது வீட்டு வேலை இல்லை. பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வேலை முடிந்து வாங்கும்போது ‘ரன் அவுட் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள், அதாவது கிராங்க் சுற்றும்போது எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்று. இரண்டு வி பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை. டயல் கேஜே இல்லாத பட்டறை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கிராங்க் நன்றாகவே இருந்தாலும் இரண்டு பக்க பேரிங்கையும் இரண்டு ஆயில் சீலையும் புதிதாகப் போடுங்கள். இத்தனை வருடம் நின்ற ரப்பர் கல்லாகியிருக்கும். பேரிங்கை அடித்து இறக்காதீர்கள். கேஸை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ‘சுர்’ என்று பறக்கும் அளவுக்குச் சூடாக்கினால் பேரிங் தானாக விழுந்து உட்காரும். சமையல் அடுப்பில்தான் சூடாக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆயில் வாடை இரண்டு நாள் சட்னியிலும் வரும்.

மாட்டுக் கொட்டகை என்றீர்களே, அங்கே எழும் அம்மோனியா ஆவி செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். ஒயர் முனைகளையும், பெட்ரோலை அளந்து விடும் கார்ப்பரேட்டர் ஜெட்களையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

கேள்வி: என் ஆர்.எக்ஸ். 100 சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது. ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒருவர். ரீபோர் அடித்து ஒரேயடியாக 1 மி.மீ. பெரிய பிஸ்டன் போட்டால் பவர் கூடும் என்கிறார் இன்னொருவர். (நாகர்கோவில்)

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நகம் கோட்டில் மாட்டுகிறதா? மாட்டினால் ரீபோர்தான், அதாவது சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்குவது. பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று கால் கால் மில்லிமீட்டராகப் பெரிய அளவுகளில் கிடைக்கும். கோடு எந்த அளவில் மறைகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். உங்கள் வண்டிக்குப் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., மொத்தம் 98 சிசி. ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் சுமார் 4 சிசி கூடும். அதனால் நீங்கள் உணரும்படி எதுவும் மாறாது. ஆனால் அடுத்த மூன்று ரீபோருக்கான இரும்பை இப்போதே சீவித் தள்ளியதாகிவிடும்.

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு சிலிண்டரோடு சேர்த்து லேத்தில் கொடுங்கள். அந்தக் குறிப்பிட்ட பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். இடைவெளி 0.04 மி.மீ.யை ஒட்டி இருக்கட்டும். ‘டைட்டாக வைத்திருக்கிறேன், ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று சொல்லும் லேத்காரரிடம் எச்சரிக்கை. அலுமினிய பிஸ்டன் சூட்டில் இரும்பு லைனரைவிட அதிகமாக விரியும். டைட்டாக வைத்தது முதல் மேட்டிலேயே ஜாம் ஆகும். போர் அடித்த பிறகு போர்ட் விளிம்புகள் கத்தி போலக் கூராக இருக்கும். அவற்றை லேசாகச் சாய்த்துத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்டு வாங்குபவர் குறைவு, ரிங் உடைவதற்கு இதுவே பெரிய காரணம்.

பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சின்ன ஊசியின் மேல் வர வேண்டும். பிஸ்டன் பின்னைக் கழலாமல் பிடிக்கும் சர்க்ளிப் எப்போதும் புதியது. பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கிற காசு சில ரூபாய்தான். அது கழன்றால் சிலிண்டரே போச்சு.

கேள்வி: எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டியாயிற்று. ஆனால் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் தானாக அலறுகிறது. மூன்று பேர் கார்ப்பரேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டார்கள். இது என் கணவரின் பழைய வண்டி, அவருடைய பிறந்தநாளுக்குள் தயார் செய்ய வேண்டும். (திருவண்ணாமலை வாசகி)

பதில்: அம்மா, கார்ப்பரேட்டர் பாவம், அதை விட்டுவிடச் சொல்லுங்கள். எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடியதால்தான் எஞ்சின் அலறுகிறது. இதே நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகும். அதனால் கண்டுபிடிக்கும்வரை ஓட்டவே வேண்டாம்.

சந்தேகம் முதலில் மேக்னட்டோ பக்க சீல் மேல். பிறகு கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டு. அதை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். அப்புறம் சிலிண்டருக்கு அடியில் உள்ள பேஸ் கேஸ்கட்.

ஊகிக்கத் தேவையில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. பழைய பி.பி. பார்க்கும் கருவி ஒன்று தேடுங்கள், முள் காட்டும் வகை, பல்போடு. கார்ப்பரேட்டரைக் கழற்றி அந்த வாயை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். சைலன்சரைக் கழற்றி அந்த வாயைச் சைக்கிள் டியூப் துண்டும் இரும்புத் தகடும் வைத்து போல்ட் போட்டு மூடுங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும், அப்போதுதான் போர்ட்கள் திறந்து கிராங்க் கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகும். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த ஓட்டையில் பி.பி. கருவியின் குழாயை எம்-சீல் பசை வைத்துப் பொருத்தி, பிளக் இடத்தில் முறுக்குங்கள். பல்பை அழுத்தி முள்ளை 300 வரை ஏற்றுங்கள். அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 பவுண்டு அழுத்தம், இந்த எஞ்சினுக்கு அது போதும். சில நிமிடம் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் திருடன்.

ஒரு நுணுக்கம்: சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருப்பதால், உள்ளிருந்து அழுத்தம் கொடுக்கும்போது அது தண்டோடு ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளை போல் நடிக்கும். உறிஞ்சும்போதுதான் காற்றை விடும். ஆகவே அதே குழாயில் பெரிய சிரிஞ்ச் ஒன்றை மாட்டி இழுத்தும் பாருங்கள். இழுத்த தண்டை விட்டதும் அது பழைய இடத்துக்கு ஓட வேண்டும். ஓடாமல் அங்கேயே நின்றால் எங்கோ காற்று வாங்குகிறது என்று பொருள்.

எஞ்சின் பூட்டிய ஒவ்வொருவரும், தானாக அலறினாலும் அலறாவிட்டாலும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. செய்கிற மெக்கானிக்குகளை விரல் விட்டு எண்ணலாம்.

கேள்வி: வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: ஒழுகாமல் குறைகிறது என்றால் எஞ்சின் குடிக்கிறது. கிளட்ச் பக்க சீல் போய்விட்டது. இங்கே காற்றுக்குப் பதில் கியர் ஆயில் உள்ளே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: டேங்க் உள்ளே ஒரே துரு. புளி ஊற்றி ஊற வைக்கலாமா? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாது என்கிறார்களே? (ஓசூர்)

பதில்: புளியும் வேலை செய்யும், அதில் அமிலம் இருக்கிறது. ஆனால் சக்கையை வெளியே எடுப்பதற்குள் உயிர் போகும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். கூடவே கைப்பிடி சின்ன நட்டுகள் போட்டு, இடையிடையே குலுக்குங்கள். போட்ட நட்டுகளை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள், வெளியே எடுக்கும்போதும் எண்ணுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காயவைத்து, 2டி ஆயில் ஊற்றி உருட்டிவிடுங்கள். நடுவில் மதிய சாப்பாட்டுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் டேங்க் மறுபடி சிவந்திருக்கும். ஓட்டை இருந்து பற்றவைக்க வேண்டும் என்றால் அதற்கென்றே இருப்பவரிடம் கொடுங்கள். ‘காலி டேங்க்தானே’ என்று வெல்டிங் வைப்பது உயிருக்கு ஆபத்து. பெட்ரோலைவிட அதன் ஆவிதான் வெடிக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டியை அது ஒரே நாளில் கொன்றுவிடாது. ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைச் சற்று மெலியவைக்கும். பெட்ரோல் டியூப், டேப் வாஷர், புளோட் சேம்பர் ஓ ரிங் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். பல வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். பிளக் வெளுத்து வந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆயில் பம்பை எடுத்துவிட்டு டேங்கிலேயே கலந்துவிடலாமா? எவ்வளவு கலப்பது? (தேனி)

பதில்: நல்ல பம்பை எடுக்க நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் வேகத்துக்கும் ஆக்சிலேட்டர் திறப்புக்கும் ஏற்ப அளந்து ஊற்றுகிற கருவி அது. பிரித்துப் பூட்டிய பிறகு பம்பின் காற்றைக் கழிக்காமல் விடுவதால்தான் அதற்குக் கெட்ட பெயர். பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை வடித்துவிடுங்கள். கேபிள் குறியையும் சரிபாருங்கள். அந்த முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் கொஞ்சம் ஆயில் கலந்துகொள்ளலாம்.

பம்பு வேலை செய்யவில்லை, கிடைக்கவும் இல்லை என்றால் லிட்டருக்கு 30 மி.லி.; புது பிஸ்டன் பழகும்வரை 40. ஜேஸோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற ஜப்பானியத் தரக் குறி டப்பாவில் போட்டிருக்கும் 2டி ஆயிலாக இருக்கட்டும். நான்கு ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றாதீர்கள், அது எரிவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ‘அதிகம் ஊற்றினால் பாதுகாப்பு’ என்பதும் பாதிதான் உண்மை. அதே ஜெட் வழியே ஆயில் கூடுதலாகப் போனால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும்.

கேள்வி: சைலன்சரின் உள்குழாயை எடுத்துவிட்டு, பின்பக்கம் அறுத்தால் அந்தப் பழைய சத்தம் வருமாமே? (சென்னை, கல்லூரி மாணவர்)

பதில்: சத்தம் வரும், பவர் போகும். இரண்டு ஸ்ட்ரோக் சைலன்சர் புகை போகும் குழாய் மட்டும் இல்லை. அதன் விரியும் பகுதி எரிந்த புகையை இழுத்து வெளியேற்றுகிறது. குறுகும் பகுதி அலையைத் திருப்பி அனுப்பி, புகையோடு வெளியே ஓடப்பார்க்கும் புதுப் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை அறுப்பவர் எஞ்சினின் பாதியை அறுக்கிறார். போலீஸ் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உள்குழாயை எடுத்துக் கரியைச் சுட்டுச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். கரி அடைத்த சைலன்சரைச் சுத்தம் செய்தாலே வண்டி இளமையாகிவிடும்.

கேள்வி: சேசிஸுக்குச் சாண்ட் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் போடப் போகிறேன். ஆர்.சி. (பதிவுச் சான்று) காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. (கோயம்புத்தூர்)

பதில்: முதலில் ஆர்.சி., பிறகுதான் பிளாஸ்டிங். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சில் அச்சு எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்டியரிங் கழுத்தில் உள்ள அந்த எண்ணை மணல் தேய்த்துவிட்டாலோ பவுடர் மூடிவிட்டாலோ நீங்கள் படும் பாட்டுக்கு அளவே இல்லை. அந்த இடத்தில் கனமான டேப் ஒட்டி, படமும் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். பேரிங் உட்காரும் இடங்களையும் ஸ்க்ரூ ஓட்டைகளையும் அடைத்துக் கொடுங்கள். எஞ்சின் கேஸை மணலில் கொடுக்கவே வேண்டாம். எத்தனை கழுவினாலும் ஒரு மணல் ஆயில் வழியில் ஒளிந்திருந்து புது பேரிங்கைத் தின்னும்.

நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். கிராங்க் கேஸ் உடைந்து வேறு வாங்கினால் எஞ்சின் எண்ணே மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கேஸ் கிடைக்கும், அதற்கு ரசீது கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். சிலர் ‘விண்டேஜ் பதிவு செய்துவிடலாம்’ என்று ஆசை காட்டுவார்கள். அதற்கு வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும். ஆர்.எக்ஸ். 100 இங்கே வந்ததே 1985-இல்.

கேள்வி: என்னிடம் இருப்பது கவாசாகி கே.பி. 100. மேலே சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்துமா? கார்ப்பரேட்டரையே காணவில்லை! (விருதுநகர்)

பதில்: வலது பக்க எஞ்சின் கவருக்குள் இருக்கிறது, பயப்படாதீர்கள். பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் வழியைத் திறந்து மூட ஆர்.எக்ஸில் ரீட் வால்வு என்ற மெல்லிய தகடு, உங்களுடையதில் கிராங்கின் முனையில் சுழலும் ரோட்டரி டிஸ்க். கழற்றும்போது டிஸ்க் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று குறி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் பெட்ரோல் தப்பான நேரத்தில் உள்ளே போகும், ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். டிஸ்க் கவரின் ஓ ரிங்கையும் மாற்றுங்கள். மற்றபடி சீல், ரீபோர், பி.பி. கருவி எல்லாம் அப்படியே பொருந்தும்.

கேள்வி: ரீபோர் முடிந்து வண்டி வந்துவிட்டது. 40-க்கு மேல் போகாமல் ஒரே சீராக ஓட்டச் சொல்கிறார்கள். சரியா? (புதுக்கோட்டை)

பதில்: 40-இல் ஒரே சீராகத்தான் ஓட்டக் கூடாது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள், முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், டாப் கியரில் மேடு ஏற்றி எஞ்சினை முக்கவைக்க வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு நெடுந்தூரம் உருளாதீர்கள். அப்போது பெட்ரோலோடு ஆயிலும் மிகக் குறைவாகவே வரும், பிஸ்டன் காய்ந்துகொண்டே ஓடும். முதல் தடவை நன்றாகச் சூடாகி முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒருமுறை முறுக்கிச் சரிபாருங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் முனை டீத்தூள் நிறத்தில் இருந்தால் ஓட்டிக்கொண்டே இருங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் ஏர் ஃபில்டரையும் ஜெட்டையும் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, திருவண்ணாமலை அம்மாவுக்குச் சொன்ன பதிலை மறுபடி படியுங்கள்.